கருவி பெரிதானால் வழி தெரிந்துவிடாது

தெரியாத சாலைகளில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டப்போகிறேன், எந்த ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கேட்டுப்பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். வீட்டைச் சுற்றி ஓட்டுவதற்கு மலிவானது போதும்; வெளியூர், புதுப் பாதை என்றால் முழு வரைபடம் வேண்டும், வழி தவறினால் தானே மாற்றுவழி போட்டுத் தர வேண்டும், பெரிய வண்ணத் தொடுதிரை வேண்டும். கைக்காசு எவ்வளவு இடம்கொடுக்கிறதோ அவ்வளவு மேலே போ. கடைக்காரரும் இதையே சொல்கிறார், விமர்சன வீடியோக்களும் இதையே சொல்கின்றன, கூட ஓட்டும் நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய கருவியோடு முடித்துக்கொள்ளக் கூடியவர் இதைக் கேட்டு அறுபது, எழுபதாயிரம் செலவழிக்கிறார்.

செலவு அவரவர் பாடு. ஆனால் இந்த அறிவுரையின் கெடுதல் பணத்தோடு நிற்பதில்லை. வழியைப் பற்றிய பொறுப்பை ஓட்டுபவரிடமிருந்து பிடுங்கி இரண்டரை அங்குலத் திரையிடம் கொடுத்துவிடுகிறது. நம் ஊர்ச் சாலைகளில் அது ஆபத்தான கைமாற்றம். தெரியாத சாலையில் சரியாகப் போய்ச் சேர்வதற்கான வேலையில் பெரும்பங்கு, கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ரூட் போடும்போதே முடிந்துவிடுகிறது. கருவியின் வேலை, நீங்கள் போட்ட கோட்டை வெயிலிலும் மழையிலும் இருட்டிலும் தெளிவாகக் காட்டிக்கொண்டே இருப்பது. அந்த ஒரு வேலையை வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் வரைபடம். விலை ஏறினால் வரைபடமும் மேம்படும் என்று பலரும் நினைக்கிறார்கள். கார்மின், வாஹூ, ஹேமர்ஹெட், பிரைட்டன் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சாலைத் தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருவது. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிவைத்து, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து சேர்த்துக்கொண்டிருக்கும் பொது வரைபடம் அது. நிறமும் கோட்டின் தடிப்பும் எழுத்தின் அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடியில் இருக்கும் சாலை ஒன்றேதான். செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சாலையை யாரோ ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடாக வரைந்து, அது தார்ச் சாலையா, ஜல்லி கொட்டியதா, டிராக்டர் தடமா என்று குறிக்காமல் விட்டிருந்தால், அந்தக் குறை மலிவுக் கருவியில் எப்படி இருக்குமோ அப்படியே எழுபதாயிரம் ரூபாய்க் கருவியிலும் இருக்கும். தரை எப்படிப்பட்டது என்று குறிக்கப்படாத சாலையை வழி கணக்கிடும் நிரல் பெரும்பாலும் நல்ல சாலை என்றே எடுத்துக்கொள்ளும். ஏரிக்கரை மேல் போகும் மண்பாதை இரண்டு கிலோமீட்டர் குறுக்குவழியாகத் தெரிவது இப்படித்தான். 25 மில்லிமீட்டர் டயரோடு மழைக்கு மறுநாள் அதில் இறங்கியவர்களுக்கு அந்தக் குறுக்குவழியின் நீளம் தெரியும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: விலை கூடிய கருவி மற்றவர்கள் அதிகம் ஓட்டிய சாலையைப் பார்த்து வழி போடுகிறது என்பார்கள். உண்மை. கார்மின் 2017-இல் எட்ஜ் 1030-உடன் கொண்டுவந்த டிரெண்ட்லைன் அப்படிப்பட்டது. நல்ல யோசனை, ஓட்டுபவர்கள் நிறைந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை போகிறவர்களின் தடம் குவிந்து கிடக்கிறது. கல்வராயன் மலையடிவாரத்திலோ சாத்தனூர் பக்கத்துக் கிராமச் சாலைகளிலோ அந்தக் குவியல் இல்லை. எந்த இடத்தைத் தெரியாத சாலை என்று அஞ்சி இவ்வளவு காசு கொடுக்கிறோமோ, அந்த இடத்தில்தான் தரவு மெலிந்து கிடக்கிறது. மேலும் இதைப் போன்ற தடத் தரவை ஸ்ட்ராவா செயலியின் வெப்பப்படத்தில் வீட்டுக் கணினியின் பெரிய திரையில் விரித்துப் பார்க்கலாம். எந்தச் சாலை ஏன் வெளிறிக் கிடக்கிறது என்று யோசித்து முடிவெடுக்க அங்கே அவகாசமும் உண்டு.

அடுத்தது, இந்தக் கருவிகளை விற்றுக்கொடுக்கும் முதன்மை அம்சம்: தானாக மாற்றுவழி போடுவது. வழி தவறினாலும் கவலையில்லை, அதுவே கூட்டிக்கொண்டு போய்விடும் என்ற வாக்குறுதி. இதைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். டீ குடிக்கக் கோட்டிலிருந்து நூறு மீட்டர் விலகுகிறீர்கள். கருவிக்கு டீக்கடை தெரியாது. வழி தவறிவிட்டதாக எண்ணிக் கணக்குப் போடத் தொடங்குகிறது. உள்ளே இருப்பது சிறிய செயலி. எஞ்சிய பாதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றால் நேரம் எடுக்கும். ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 400 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். கணக்கு முடிந்து வரும் விடை இரண்டில் ஒன்றாக இருக்கும்: விட்ட இடத்துக்குத் திரும்பச் சொல்லும், அல்லது முடிவிடத்தை நோக்கிப் புதுவழி போடும். இரண்டாவது நடந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ரூட் திரையிலிருந்து போய்விடுகிறது. அங்கே இருப்பது இனி நீங்கள் ஒருமுறைகூட நிதானமாகப் பார்க்காத வழி.

பிஆர்எம் ஓட்டுகிறவர்களுக்கு இதன் விலை உடனே தெரியும். பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி, ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் வழியாக நம் ஊர்க் கிளப்புகள் நடத்தும், நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டங்கள் இவை: 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் அம்புக்குறி இருக்காது, கொடி காட்ட ஆள் இருக்காது. கையில் திருப்பங்களைப் பட்டியலிட்ட கியூ ஷீட், கருவியில் ரூட் கோப்பு. நடுவே உள்ள கன்ட்ரோல் எனும் சோதனை இடங்களைத் தொட்டுத்தான் போக வேண்டும். கருவி தன் போக்கில் முடிவிடத்துக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய் ஒரு கன்ட்ரோலைத் தவறவிட்டால் அத்தனை கிலோமீட்டரும் கணக்கில் சேராது. நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்கள் பலரும் புதுக் கருவி வாங்கியதும் முதல் வேலையாக மாற்றுவழி அம்சத்தை அணைத்துவைப்பது இதனால்தான். காசு கொடுத்து வாங்கி அணைத்துவைக்க வேண்டிய ஒன்றை, புதிதாக வருகிறவரிடம் முதல் தகுதியாகச் சொல்வது எப்படி நியாயம்?

நேரம் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோயிருந்த பாலத்தில் வரைபடம் காட்டிய வழியே போன கார் ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் நம் கூடலூரில் ஒரு கார் வரைபடத்தை நம்பிப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அவை கார்கள், ஃபோன் வரைபடங்கள், சைக்கிள் கருவிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கணக்கிடும் முறை ஒன்றேதான். சைக்கிள் கருவியின் நிலை இன்னும் பலவீனமானது. அதன் வரைபடம் நீங்கள் கடைசியாகப் புதுப்பித்த நாளோடு நின்றுவிடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் அந்த ஆண்டுதான் திறந்த உயர்மட்டப் பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. புதுப் பாலத்துக்கே இந்தக் கதி என்றால், ஐப்பசி கார்த்திகையில் மூழ்கி மூழ்கி எழும் தரைப்பாலங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள் என்பதும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் இரவுக் கட்டுப்பாடு உண்டு என்பதும் அந்தக் கருவிக்குத் தெரியும் என்று நம்பி இரவில் போகக் கூடாது.

இதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் உண்டு: ஆற்றுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் கடை வைத்திருப்பவர். "அண்ணே, தரைப்பாலத்துல தண்ணி வடிஞ்சிருச்சா?" என்று கேட்டால், "இல்ல தம்பி, நேத்து ராத்திரிதான் திறந்துவிட்டிருக்காங்க, மேல சுத்திப் போயிருங்க, எட்டு கிலோமீட்டர்தான் கூட" என்று பதில் வரும். அதைக் கேட்டபின் ஓரமாக நிறுத்தி, ஃபோனை எடுத்து, ஆறு அங்குலத் திரையில் அந்தச் சுற்றுவழியை நீங்களே பார்த்து, மறுபடி கோட்டில் எங்கே ஏறுவது என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மாற்றுவழி போடுகிற வேலை அங்கே, நின்ற நிலையில், மனித மூளையில் நடக்க வேண்டும்.

இனி வீட்டில் நடக்க வேண்டிய வேலை. நாற்கரச் சாலையில் வலப்பக்கம் பிரியும் ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சந்திப்புக்கு மேலே மேம்பாலம். வரைபடத்தில் பார்த்தால் பாலத்தடியில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். ஆனால் சாலையில் உங்கள் முடிவு அங்கே இல்லை. பாலம் ஏறத் தொடங்குவதற்கு முன்பே, முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி, இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கியிருக்க வேண்டும். வலது திரும்ப இடது இறங்க வேண்டிய இடம் அது. அதைத் தவறவிட்டால் பாலத்தின் மேல், லாரிகளுக்கு நடுவே, கீழே போகும் உங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவீர்கள். அடுத்த திறப்பு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். சர்வீஸ் ரோட்டுக்கும் பிரதான சாலைக்கும் இடையில் இருப்பது சில மீட்டர். திறந்த வானத்திலேயே ஜிபிஎஸ்ஸின் பிசகு சில மீட்டர். நீங்கள் எந்தச் சாலையில் இருக்கிறீர்கள் என்று கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாது. திரையில் இரண்டு கோடுகளும் ஒட்டியே இருக்கும், அது எவ்வளவு பெரிய வண்ணத் திரையானாலும்.

இதைச் சரிசெய்வது வீட்டில் ஐந்து நிமிட வேலை. ரைடு வித் ஜிபிஎஸ் போன்ற ரூட் போடும் தளத்தில் செயற்கைக்கோள் படத்தை நெருக்கிப் பார்த்து, கோடு சர்வீஸ் ரோட்டின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று சரிபார்த்து, இறங்க வேண்டிய இடத்துக்கு இருநூறு மீட்டர் முன்பே உங்கள் கையால் ஒரு குறிப்பை வைக்க வேண்டும்: "இடது இறங்கு, பாலம் ஏறாதே". அந்தக் குறிப்பு ஒரு பீப் ஒலியோடு உங்கள் முன் வரும். மலிவுக் கருவியிலும் வரும். நூறு கிலோமீட்டர் ரூட்டில் இப்படிப்பட்ட இடங்கள் ஐந்தாறுதான் இருக்கும்: பைபாஸ் பிரியும் இடம், ஊருக்குள் ஒருவழிப் பாதை, ரயில்வே கேட் மூடி சுரங்கப்பாதை போட்ட இடம். அந்த ஐந்தாறையும் கண்டுபிடித்துக் குறிப்பதுதான் வழி தெரிந்துகொள்வது. மற்ற தொண்ணூற்றைந்து கிலோமீட்டரில் நேராக மிதித்தால் போதும்.

கோப்பை எந்த வடிவில் இறக்குகிறோம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஜிபிஎக்ஸ் டிராக்காக இறக்கினால் பெரும்பாலும் கோடு மட்டும்தான் வரும். நீங்கள் வைத்த குறிப்புகள் வராது. டிசிஎக்ஸ் அல்லது ஃபிட் கோர்ஸாக இறக்கினால் குறிப்புகளும் கூடவே வரும். ஜிபிஎக்ஸிலேயே ரூட் என்றொரு வகை உண்டு; அதில் சில புள்ளிகள் மட்டும் இருக்கும், இடைப்பட்ட வழியைக் கருவியே தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும். ஒரே ரூட்டை இருவர் இறக்கி இருவர் கருவியும் வேறு வேறு வழி காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். போன வழியே திரும்பி வரும் ரூட்டில் இன்னொரு சிக்கல்: போகும் கோடும் வரும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், சில கருவிகள் நடுவில் எங்கோ குதித்துவிட்டுத் திரும்பும் பகுதிக்குப் போய்விடும். போக ஒரு கோப்பு, வர ஒரு கோப்பு என்று வெட்டிக்கொண்டால் தீர்ந்தது.

சரி, கருவியில் எதைப் பார்ப்பது? கோட்டைத் தெளிவாகக் காட்டுகிறதா, வெளியில் செய்த கோப்பில் உள்ள குறிப்புகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறதா, கோட்டைவிட்டு விலகினால் உடனே, லாரிச் சத்தத்திலும் கேட்கிற மாதிரிக் கத்துகிறதா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். அப்புறம் திரை. சூரிய ஒளியைப் பிரதிபலித்துக் காட்டும் வகைத் திரை நடுப்பகலில் வெளிச்சம் கூடக்கூடத் தெளிவாகும், பேட்டரியையும் தின்னாது. ஃபோன் திரை நேர்மாறு: வெயிலோடு போட்டி போட்டு ஒளிர வேண்டும், சூடேறும், சூடேறினால் தானே மங்கிக்கொள்ளும். ஐஃபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரி வரை என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை வைகாசியில் வேலூர்ச் சாலையில் வெப்பம் நண்பகலுக்குள் அதைத் தாண்டிவிடும். தனிக் கருவியே வேண்டாம், ஹேண்டில்பாரில் ஃபோனை மாட்டினால் போதும் என்பவர்களோடும் நான் உடன்படாதது இதனால்தான். ஃபோன் பையில் பத்திரமாக, சார்ஜோடு இருக்க வேண்டும். அவசரத்துக்கு அதுதான் உயிர்நாடி.

பொத்தான் வைத்த கருவியை நான் தொடுதிரைக்கு மேலாக வைப்பேன். வியர்வை சொட்டும் விரலும் மழைத்துளியும் தொடுதிரையைக் குழப்பும். கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டே கட்டைவிரலால் தடவிப் பொத்தானை அழுத்த முடியும். பேட்டரிக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் ஓட வேண்டியிருக்கும்போது, 15 மணி நேரம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது, வழிகாட்டலும் இரவு விளக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும். ஆனால் பேட்டரியும் விலையும் கூடவே ஏறுவதில்லை. மலிவு வகையிலேயே 25, 30 மணி நேரம் சொல்லும் கருவிகள் உண்டு. இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் ஆழமான பள்ளத்தாக்கிலும் பயன்படும். திறந்த சாலையில் அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

மறுபக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் சைக்கிள் பாதைகளின் முக்கியச் சந்திப்புகளுக்கு எண் போட்டு, வரைபடத்திலும் விரிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே போய் ஓட்டுகிறவருக்கு மாற்றுவழி அம்சம் நன்றாக உதவும். அங்கே அந்தக் கணக்குக்கு ஆதாரம் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவருக்கு, மூன்று அங்குலத்துக்கு மேல் உள்ள திரை ஆடம்பரம் இல்லை, தேவை. மலை ஏறும்போது இன்னும் எத்தனை மீட்டர் ஏற்றம் பாக்கி என்று காட்டும் பக்கம், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் மனதுக்குத் தெம்பு தரும். இவற்றுக்காகப் பெரிய கருவி வாங்குகிறேன் என்று சொன்னால் எனக்கு மறுப்பே இல்லை. வழி தெரியாது, அதனால் பெரியது வாங்குகிறேன் என்று சொல்லும்போதுதான் மறுக்கிறேன்.

ரூட் போட உட்கார எல்லோருக்கும் நேரம் இருக்கிறதா என்பது கடைசியாக வரும் கேள்வி. 200 கிலோமீட்டர் ரூட்டை இப்படிச் சலித்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். அந்த ஒரு மாலையை ஒதுக்க முடியாதவர், பத்து மணி நேரத்துக்கு மேல் சைக்கிளில் தெரியாத சாலையில் இருக்கப்போகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. பிஆர்எம் நடத்தும் கிளப்புகள் ரூட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றன. அதைத் திறந்து பார்க்காமல் நேராகக் கருவியில் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் வந்து நிற்கிறவர்கள் ஏராளம். அவர்களிடம் விலை உயர்ந்த கருவி இருப்பது அவர்களை இன்னும் துணிச்சலாகத் திறந்து பார்க்காமல் இருக்கச் செய்கிறது.

வாங்கப்போகிறவருக்கு நான் சொல்வது இது. எந்த விலையானாலும், திருப்பிக் கொடுக்க முடிகிற காலத்துக்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வீட்டருகே தெரிந்த சாலைகளில் முப்பது கிலோமீட்டருக்கு ஒரு ரூட் போடுங்கள். நடுவில் ஒரே சந்திப்பை இரண்டுமுறை கடக்கும்படி எட்டு வடிவத்தில் வளைத்து, கடைசி ஐந்து கிலோமீட்டரைப் போன வழியே திரும்பும்படி வையுங்கள். நீங்களே நாலு குறிப்புகள் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புங்கள். முதல் சுற்றில் ஒழுங்காக ஓட்டிக் குறிப்புகள் நாலும் வந்தனவா, நேரத்துக்கு வந்தனவா, வெயிலில் படிக்க முடிந்ததா என்று பாருங்கள். இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிடுங்கள். எத்தனை மீட்டரில் கத்துகிறது, கோட்டை அழிக்காமல் வைத்திருக்கிறதா, நீங்கள் திரும்பி வந்ததும் கோட்டைப் பிடித்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். பாட்டிலிலிருந்து திரைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஓடும்போதே பக்கம் மாற்ற முடிகிறதா பாருங்கள். இவ்வளவிலும் தேறினால் பத்தாயிரம் ரூபாய்க் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். தேறாவிட்டால் எழுபதாயிரம் ரூபாய்க் கருவியையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.